சேணத்துக்கு எண்ணெய் தேய்த்தவன்

1.

இந்தக் கதை ஒரு கறையிலிருந்து பிறந்தது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்டியில் ஒரு லோண்டரியின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து, உடுப்பு வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பவள் நான். கறை என் தொழில். கதை, முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் நான் செய்கிற களவு.

போன மாதம் ஒருவர் வந்தார். பல்லேகலப் பக்கம் எங்கோ குதிரை ஓட்டப் பழகுகிறாராம். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கால்சட்டையை எடுத்து மேசையில் கவிழ்த்துப் போட்டார். உட்காரும் இடத்திலும் தொடைகளின் உட்பக்கத்திலும் நல்ல சிவப்பு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "புதுச் சேணம் மிஸ். தோலில சாயம் போகுது" என்றார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, 'வெள்ளைக் கால்சட்டை ஒன்று, சிவப்புக் கறை, உத்தரவாதம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தெருவைக் கடந்த பிறகுதான் சிரித்தேன். உள்ளே அயன் பண்ணிக்கொண்டிருந்த புஷ்பமும் ஓடி வந்து சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் ஒரு யோசனை வந்தது. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் இந்த மலைகளில் எத்தனை வெள்ளைக்காரத் துரைமார், எத்தனை குதிரைகள்! அவர்களில் ஒருவருக்காவது இப்படி நடந்திருக்காதா? நடந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. [சான்று வேண்டும் என்பவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பஸ் இனி வழியில் நிற்காது.]

2.

தொடங்கத்தான் பெரும் பாடாகப் போயிற்று.

தொடக்கம் ஒன்று: "1866ஆம் ஆண்டு, மடுல்கெல்ல மலைகளில் கோப்பிப் பூ வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த—"

அடித்துவிட்டேன். கதையில் வெள்ளைச் சாமான் ஏற்கெனவே அதிகம். குதிரை வெள்ளை, கால்சட்டை வெள்ளை, துரையும் வெள்ளை. பூவும் சேர்ந்தால் கண் கூசும்.

தொடக்கம் இரண்டு: "துரைக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும். அன்றைக்கு அவருக்கு வேறோர் இடமும்—"

இதை வாசித்துக் காட்டியபோது புஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியும் அடித்தேன். துரையில் தொடங்கினால் கதை துரையுடையதாகிவிடும். அவருக்கு ஏற்கெனவே ஒரு மலையே சொந்தம். இதுவும் எதற்கு?

தொடக்கம் மூன்று. இது நின்றுவிட்டது:

காளிமுத்து சனிக்கிழமை தவறாமல் சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான்.

3.

காளிமுத்து மடுல்கெல்லயில் ஒரு கோப்பித் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரன். குதிரைக்காரன் என்றதும் குதிரையில் போகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். துரை குதிரைமேல் போவார், குதிரைக்காரன் பக்கத்தில் ஓடுவான். விடிய முன்னம் புறப்பட்டால் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைக் கடந்து வெயில் ஏறுகிற நேரம் கண்டி. வேலை முடிந்ததும் துரை குதிரைமேல், இவன் பழையபடி தரையில். ஏழு வருடம் இப்படி ஓடியிருக்கிறான். ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்பது துரையின் சட்டம்.

குதிரைக்குத் துரை வைத்த பெயர் காளிமுத்துவின் வாயில் நுழையவில்லை. அவன் அதை மோர் என்று கூப்பிட்டான். நிறம் அப்படி. துரை கூப்பிட்டால் மோர் ஒரு காதைத் திருப்பும். இவன் கூப்பிட்டால் கழுத்தையே திருப்பும். தண்ணீர் குடிப்பதில் அதற்கு ஒரு கிறுக்கு உண்டு. வாளியை முன்னால் வைத்தால் மட்டும் போதாது. காளிமுத்து வாளிக்குள் கையை விட்டு மூன்று நான்கு முறை அளைய வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வாய் வைக்கும்.

ஏழாம் வருடம் பழைய சேணம் வெடித்துப்போய், கண்டியில் முஹைதீன் நானாவின் தோல் கடையில் துரை புதிது செய்யச் சொன்னார். சிவப்பாக வேண்டும் என்றார். பதங்கி மரத்துக் கட்டையை அவித்து எடுத்த சாயத்தில், சேணம், கடிவாளம், வார் எல்லாம் ஒரே சிவப்பாக வந்து இறங்கின. காளிமுத்து அவிழ்த்துப் பார்த்தான். மோரின் முதுகில் வைத்துப் பார்த்தான். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். கல்யாண வீட்டுக்குப் போகிற பெண்ணை மாதிரி இருந்தது குதிரை. அவனுக்கு அப்படியொரு பெருமை, ஏதோ தானே காசு போட்டு வாங்கிக் கொடுத்தவனைப் போல.

அன்று முதல் இரண்டு காரியம் செய்தான். இரண்டையும் அன்பினால்தான் செய்தான். முதலாவது, வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து வளைவில் இருக்கும் முனியாண்டிக் கல்லிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமம் கொண்டுவந்து, சேணத்தின் மடிப்புக்கு உள்ளே, துரையின் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தான். மலைப்பாதை அப்படிப்பட்டது, குதிரையின் கால் இடறக்கூடாது. இரண்டாவது எண்ணெய். சனிக்கிழமை அவன் மனைவி அங்கம்மா அவனுக்குத் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள். மீதியைக் கிண்ணத்தோடு லாயத்துக்குக் கொண்டுபோய், சேணத்தை மடியில் வைத்து, குழந்தைக்குத் தேய்ப்பது போல மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பான். நம் தோலுக்கு நல்லது மாட்டுத் தோலுக்குக் கெட்டதா என்பது அவன் கணக்கு.

(தொழில்காரியாக ஒரு வார்த்தை. தோலுக்கு எண்ணெய் வேண்டும்தான். எப்போதாவது, துணியில் தொட்டு, மெல்லிசாக. கிண்ணம் கிண்ணமாக இல்லை. இதை நான் அவனிடம் சொல்ல முடியாது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.)

4.

முதல் பயணம் போய் வந்து துரை இறங்கியபோது கால்சட்டையின் தொடைப்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. துரை வழிச் செம்மண் என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார். போகவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காளிமுத்துவுக்கு அது என்ன என்று தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தான். முனியாண்டியின் குங்குமம். வெயிலிலும் வேர்வையிலும் கரைந்து ஏறியிருக்கிறது. துரைக்குத் தெரிந்தால், சேணத்தில் சாமி வைத்தாயா என்று குதிப்பார். அங்கம்மாவிடம்கூடச் சொல்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்கு முன்னால் போய் நின்றான்.

"சாமி, கோவிச்சுக்காத. தொரை காச்சட்டை வெள்ளை. கொஞ்ச நாளைக்கு ஒனக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தான். சேணத்துக்குப் பொட்டு இல்லாமல் போன குறைக்கு, சனிக்கிழமை ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணமாக எண்ணெய் வைத்தான்.

இரண்டாம் பயணம் கண்டியில் ஒரு பெரிய உத்தியோகத்தர் வீட்டு விருந்துக்கு. காளிமுத்து வெளியே மரத்தடியில் மோரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே திடீரென்று பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருக்கோ இன்றைக்கு நல்ல நேரம் என்று நினைத்து அவனும் லேசாகச் சிரித்தான்.

நல்ல நேரம் யாருக்கும் இல்லை. துரை கதிரையிலிருந்து எழுந்திருக்கிறார். கதிரைக்கு வெள்ளை உறை. உறையில் துரையின் கீழ்ப்பாதி அச்சு அசலாக, சிவப்பில். அந்த வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாராம், மற்றவர்கள் பொத்தவில்லையாம். [யார் சொன்னது 'ஆம்' என்று? நான்தான். உறையைத் துவைத்தவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன், கதை அந்தப் பக்கம் ஓடப் பார்த்தது, இழுத்துப் பிடித்து நிறுத்திவிட்டேன்.]

துரை பங்களா வாசலில் இறங்கி, கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார், தோட்டத்தில் கற்ற தமிழில்:

"வார மாசம் பத்தாம் தேதி அதே வீடு, திரும்பப் போகணும். வெள்ளை உடுப்புத்தான் போடணும். மறுபடி இந்த மாதிரி வந்தா, நீ மலைக்குப் போ, கோப்பி பறி. குதிரைக்குக் கண்டியிலிருந்து வேற ஆள் வரும்."

"சரிங்க தொரை" என்றான் காளிமுத்து.

மலை வேலை அவனைப் பயமுறுத்தவில்லை. அங்கம்மா தினமும் செய்வதுதானே. அந்த 'வேற ஆள்' என்கிற சொல்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வேற ஆளுக்கு வாளியில் கைவிட்டு அளைய வேண்டும் என்று யார் சொல்வார்கள்? மோர் சொல்லாது. தாகத்தோடு நின்றுகொண்டிருக்கும். அன்று மாலை தண்ணீர் காட்டும்போது, அது குடித்து முடித்த பிறகும் காளிமுத்து கையை வெளியே எடுக்கவில்லை.

5.

இந்த இடத்தில் ஒரு தகராறு வந்தது.

நான் எழுதியிருந்த அடுத்த பகுதியில் அங்கம்மா தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நிற்பாள். காளிமுத்து வாடிய முகத்தோடு வருவான். அவள் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள், ஆறுதல் சொல்வாள். "எல்லாம் நல்லபடியா—" என்று ஒரு வசனம்கூட எழுதிவிட்டேன். புஷ்பம் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"ஏன்க்கா, அந்தப் பொம்பள எண்ணெ தேய்க்கிறா, கஞ்சி ஊத்துறா. அவளுக்குக் கண்ணு தெரியாதா?"

"ஏன் தெரியாது?"

"அந்த வீட்டுல உடுப்புத் தொவைக்கிறது யாரு? சாயம் போறது மொதல்ல யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருசமா இங்க குந்திக்கிட்டு இத எழுதுறீங்களே!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் நான்கு சேட்டுக்கான பற்றுச்சீட்டு இருந்தது. அதையும் சேர்த்துக் கிழித்துவிட்டேன். [அவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.]

5. (மறுபடியும்)

ஞாயிற்றுக்கிழமை. மலையில் வேலை இல்லை. அங்கம்மா சும்மா இருக்க முடியாமல் லாயத்துக்கு வந்தாள். காளிமுத்து குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தான். சேணம் உட்காரும் இடம் முழுவதும், விலாவின் இரண்டு பக்கமும், மோரின் மயிர் ரோசா நிறத்தில் இருந்தது.

"என்னாங்க இது, குதிரை வெக்கப்படுது?"

"வெளையாடாத அங்கம்மா. முனியாண்டி கோவம் இது." கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். குங்குமம் வைத்தது, நிறுத்தியது, சாமியிடம் சொல்லிவிட்டு வந்தது, துரை சொன்னது, பத்தாம் தேதி.

அங்கம்மா முதலில் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குதிரையின் பக்கத்தில் போய் ரோசா நிறத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். சேணத்தின் மடிப்பு எங்கே முடிகிறதோ அங்கேயே நிறமும் முடிந்தது.

"நீங்க வச்சது ஒரு பொட்டு. இது சேணத்து அளவுக்கு இருக்கு. அந்தச் சாமிக்கு இம்புட்டு வேலை கெடையாது."

"அப்ப என்னா?"

அவள் தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய பழைய ரவிக்கையில் கழுத்துக்குக் கீழே சிவப்புத் திட்டு. "நேத்து நானும் தலைக்கு எண்ணெ வச்சேன். வச்ச தலையோட புதுச் செவப்புச் சேலைய மேல போட்டுக்கிட்டு மறந்துபோய் சாஞ்சிட்டேன். எண்ணெ சாயத்தக் கழட்டிரும்ங்க. இது தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. அவன் துவைப்பவன் இல்லை. அங்கம்மா ஒரு வெள்ளைக் கந்தலை எடுத்து, சேணத்தில் அவன் எண்ணெய் ஊறவைத்த இடத்தில் ஒரு தேய், எண்ணெய் எட்டாத அடிப்பக்கத்தில் ஒரு தேய் தேய்த்தாள். முதல் இடத்தில் கந்தல் இரத்தமாகச் சிவந்தது. இரண்டாவது இடத்தில் லேசாகத்தான் பட்டது.

"பாத்தீங்களா? சாயமும் கொஞ்சம் மோசம். மிச்சம் நீங்க."

காளிமுத்துவுக்கு அழுகை வந்தது. ஆசையாகச் செய்ததே கெடுதலாகிப் போயிற்றே என்று வந்த அழுகை. அதோடு, சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, பெரிய நிம்மதியும் வந்தது. சாமி கோபப்படவில்லை. பிழை தன்னுடைய கையில்தான் இருந்தது. சாமி கோபத்தை என்ன செய்ய முடியும்? கைப்பிழையைத் திருத்தலாம்.

6.

அடுத்த கிழமை கோப்பி மூட்டை ஏற்றிய வண்டியோடு கண்டிக்குப் போகிற சாட்டில், காளிமுத்து கடிவாளத்து வார் ஒன்றைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு போனான்.

முஹைதீன் நானா கடை வாசலில் தோலை அறுத்துக்கொண்டிருந்தார். தடித்த மனிதர், தன் வேலையில் குறை சொன்னால் தாங்காதவர். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"எண்ட சாயம் போகுதா? ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லல நானா. குதிரையே செவந்துபோச்சு."

"கொண்டா இங்க!" வாரை வாங்கி, சட்டைப் பையிலிருந்து புத்தம் புது வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, கடைத்தெருவே பார்க்கும்படி பரபரவென்று தேய்த்தார். லேஞ்சியை உதறிக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. "பாத்துக்கொள்ளுங்க! எண்ட கையால போட்ட சாயம்!"

காளிமுத்து விடியற்காலையிலிருந்து வண்டியோடு நடந்து வந்தவன், உள்ளங்கை இரண்டும் வேர்த்துக் கிடந்தன. வாரை வாங்கிக் கைக்குள் வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கையை விரித்துக் காட்டினான். மருதாணி வைத்தது போலச் சிவந்திருந்தது.

முஹைதீன் நானா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அந்த ஈர வாரைத் தன் லேஞ்சியாலேயே துடைத்தார். லேஞ்சி போயிற்று.

"உள்ளுக்கு வாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உண்மையையும் கொடுத்தார். பதங்கிச் சாயம் தோலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் படிகாரத் தண்ணீரில் போதிய நாள் கிடக்க வேண்டும். அந்த மாதம் ஓயாத மழை, தோல் காயவில்லை. துரை ஆள்மேல் ஆள் அனுப்பினார். "மூணு நாள் கிடக்க வேண்டியதை ஒரு நாள்ல எடுத்துட்டன். பொய் சொல்லக்கூடாது. ஆனா இவ்வளவுக்குப் போகாதே... நீங்க அதுக்கு என்னத்தப் பூசின?"

"நல்லெண்ணெ."

"எவ்வளவு?"

காளிமுத்து இரண்டு கையையும் சேர்த்துக் கிண்ணத்தின் அளவு காட்டினான். முஹைதீன் நானா தலையில் கைவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது ஒரு பொட்டலம் படிகாரமும் உள்ளங்கை அளவு தேன்மெழுகும் சும்மா கொடுத்தார். எப்படிச் செய்வது என்று இரண்டு தரம் சொல்லி, இவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

7.

இந்தப் பகுதியை நான் ஆசைப்பட்டு எழுதினேன். கதைக்கு இது இவ்வளவு நீளம் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவர்கள் எட்டுக்குப் போகலாம், நான் கோபிக்கமாட்டேன்.

பழம் பழுக்கிற மாதம், துரை எங்கும் சவாரி போகவில்லை, சேணம் லாயத்தில் சும்மா கிடந்தது. முதலில் ஏறிய எண்ணெயை இறக்க வேண்டும். அங்கம்மாதான் வழி சொன்னாள். குதிரைக்கு வைக்கிற தவிட்டை அள்ளிச் சேணத்தின் மேல் மெத்தையாகக் கொட்டி வைத்தார்கள். மறுநாள் தட்டினால் தவிடு எண்ணெய் குடித்துக் கட்டிகட்டியாக விழுந்தது. புதுத் தவிடு, மறுபடி, மறுபடி, நான்கு நாள். பிறகு படிகாரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஊறவைக்கவில்லை. வெயிலில் வைக்கவில்லை. வெயில் தோலை வெடிக்கவைக்கும், சாயத்தை வெளுக்கவைக்கும். லாயத்து நிழலில், காற்றில், கட்டையின் மேல் தானாகக் காயவிட்டார்கள்.

அதன் பிறகு துணித் தேய்ப்பு. உலர்ந்த வெள்ளைத் துணி. தேய்த்துப் பார், துணி சிவந்தால் வேறு துணி. முதல் நாள் துணி இரத்தச் சிவப்பு. அடுத்த நாள் ரோசா. மூன்றாம் நாள் பழுப்பு. அங்கம்மாவின் கந்தல் எல்லாம் தீர்ந்து, பக்கத்து வீட்டுக் கந்தலும் தீர்ந்தது. ஏழாம் நாள் ஒரு துணி வெள்ளையாகவே வந்தது. காளிமுத்து அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான். (நானாக இருந்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.) கடைசியாகத் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகத் தடவி, மினுங்கும் வரை துடைத்தான்.

பதினெட்டு வருடத்தில் பிறர் செய்துவிட்ட கறையைத்தான் எடுத்திருக்கிறேன். கறை வராமல் செய்கிற இரண்டு பேரை எழுதியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதலாளி திரும்பி வந்தது தெரியாமல் எழுதிக்கொண்டிருந்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

8.

முடிவுகள். கைவசம் சில இருக்கின்றன.

புஷ்பத்தின் முடிவு: "அந்தத் தொரைக்கு ஒரு கறுப்புக் காச்சட்டை வாங்கிக் குடுத்தா முடிஞ்சிதேக்கா." நியாயமான முடிவு. ஏழு பகுதி எழுதிய பிறகு கேட்க மனம் வரவில்லை.

இரண்டாவது: துரை மனம் உருகி, காளிமுத்துவின் தோளைத் தட்டி, "இனி நீ—" ஊகூம். எனக்கு அந்தத் துரையோடு அவ்வளவு பழக்கமில்லை. அவர் வாயில் நல்ல வார்த்தை வைக்கவும் பயம், கெட்ட வார்த்தை வைக்கவும் பயம்.

மூன்றாவது: "பத்தாம் தேதி காலை, துரை வெள்ளை உடுப்போடு படியிறங்கி—" இங்கேதான் நான்கு நாள் நின்றேன். பேனை நகரவில்லை. பிறகுதான் காரணம் விளங்கியது. பத்தாம் தேதி துரையின் நாள். எனக்கு வேண்டியது எட்டாம் தேதி மத்தியானம்.

9.

எட்டாம் தேதி மத்தியானம் அங்கம்மா மலையிலிருந்து இறங்கிச் சாப்பாட்டு நேரத்தில் லாயத்துக்கு வந்தாள். சேணத்தை ஒருமுறை துணியால் தேய்த்தாள். வெள்ளை.

"போதும்ல?" என்றான் காளிமுத்து.

"போதாது. துணிக்குப் பாரம் இருக்கா? சூடு இருக்கா? ஒரு ஆளு மேல குந்தி வேர்க்கணும். அப்பத்தான் தெரியும்."

"யாரு குந்துறது?"

அங்கம்மா தலையில் போட்டிருந்த கொங்காணிக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்தாள். அவனுடைய வெள்ளை வேட்டி. திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற ஒரே வேட்டி.

துரையின் குதிரையில் குதிரைக்காரன் ஏறுவதா? யாராவது பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் பத்தாம் தேதி வரைக்கும்கூட வேலை இராது. ஏறாமல் விட்டால், பத்தாம் தேதி துரை அதைத் தன் கால்சட்டையில் பரீட்சை பார்ப்பார். ஏறினாலும் ஏறாவிட்டாலும் கைவிட்டுப் போகக்கூடியது மோர்தான்.

"சத்தம் கேக்குதுல்ல?" என்றாள் அங்கம்மா. கீழே ஸ்டோரில் கோப்பி உரிக்கிற எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்வரை துரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். பழம் பழுத்துக் குவிகிற மாதம். "அது நிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு. கட்டுங்க."

கட்டினான். அவள் முனியாண்டிக் குங்குமத்தைக் கொஞ்சம் எடுத்து மோரின் நெற்றியில் அப்பினாள். "இங்க வச்சா யாரும் மேல குந்தமாட்டாங்க. சாமிக்கும் நல்ல எடம்."

லாயத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் புல்வெளி. மூன்று பக்கமும் கோப்பிச் செடி ஆளுயரத்துக்கு நின்றது. காளிமுத்து வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, அங்கவடியில் காலை வைத்தான். ஏழு வருடமாகத் துரை ஏறுவதைப் பார்த்தவனுக்கு எப்படி ஏறுவது என்று தெரியும், உடம்புக்குத்தான் தெரியவில்லை. இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம் உட்கார்ந்துவிட்டான். மோர் கழுத்தைத் திருப்பி யார் என்று பார்த்தது. பார்த்துவிட்டு, அளைந்த தண்ணீரைக் கண்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு தானாகவே நடந்தது.

ஏழு வருடமாக அவன் பார்த்ததெல்லாம் மோரின் இடது விலாவும், துரையின் சப்பாத்தும், காலடி மண்ணும்தான். இப்போது மோரின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் மலை தெரிந்தது. கோப்பிச் செடிகளின் தலைகள் கீழே கிடந்தன. அவற்றுக்கு அப்பால், ஒவ்வொரு கல்லும் அவன் பாதத்துக்குத் தெரிந்த அந்தக் கண்டிப் பாதை, இவ்வளவு அழகாக வளைந்து வளைந்து இறங்குகிறதா? யாரும் அவனிடம் சொல்லவே இல்லையே. காற்று முகத்தில் அடித்தது. மூச்சு வாங்கவில்லை. வேகமாகப் போகிறோம், மூச்சு வாங்கவில்லை! அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அவனுடைய சந்தோஷத்துக்கு ஒரு உவமை. எடுத்துவிட்டேன். அது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.]

வெயில் உச்சியில் நின்றது. ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டு, நனைந்த முதுகோடு அங்கம்மாவிடம் வந்து இறங்கினான். வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"பாரு அங்கம்மா. இருக்கா?"

அவள் பின்னால் வந்து குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். வேட்டியின் நுனியை இழுத்து விரித்துப் பார்த்தாள். கீழே எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து, முன்னால் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் காணாத ஒரு சந்தோஷம் அதில் இன்னும் காயாமல் இருந்தது.

"வேர்த்தது பத்தாது" என்றாள். "இன்னும் ரெண்டு சுத்து போயிட்டு வாங்க."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் சிரிக்கிறாளா என்றுகூடப் பார்க்காமல் மோரின் பக்கம் திரும்பிவிட்டான்.

வேட்டியில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. 'உத்தரவாதம் இல்லை' என்று எழுதிக் கால்சட்டைக்காரருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டைத்தான் உங்களுக்கும் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் அங்கம்மாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். அவன் அங்கவடியில் கால் வைக்கிறான், வேட்டியின் பின்பக்கம் உங்கள் கண்ணுக்கு நேரே, நல்ல வெயிலில். பாருங்கள். பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்கும் இப்போதே சொல்லிவிடாதீர்கள். எந்திரம் இன்னும் ஓடுகிறது, அவன் ஏறட்டும்.